சிவப்பு நூல் கட்டிய தொட்டி

பூ வரவைப்பது எப்படி என்று எழுதிக் கொடுங்கள் மேடம் என்று நீங்கள் நாலு பேரும் சேர்ந்து கேட்டீர்கள். அதில் எழுத என்ன இருக்கிறது? எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி மருந்து என்று பாட்டிலிலேயே ஒட்டியிருக்கிறான். படிக்கத் தெரிந்தால் போதும். நான் சொல்லப்போவது எந்தப் பாட்டிலிலும் ஒட்டியிருக்காது. சொல்ல எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது. ரிட்டையர் ஆன அன்று எனக்குச் சால்வை போட்டு, இந்த அம்மா கை பட்டால் பட்ட மரமும் பூக்கும் என்று மைக்கில் பேசினீர்களே, அப்போது நான் தலையைக் குனிந்துகொண்டேன். தன்னடக்கம் என்று நினைத்துக் கைதட்டினீர்கள். அது தன்னடக்கம் இல்லை.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் புத்தகத்தில் ஏக்மியா என்று எழுதுகிறோமே, அது அன்னாசிக்கு உறவுக்காரச் செடி. இலைகள் சுற்றிச் சுற்றி அடுக்கி நடுவில் ஒரு கிண்ணம் போலக் குழிந்திருக்கும். அதில் தண்ணீர் நிற்கும். இலையின் குறுக்கே வெள்ளி வெள்ளியாகக் கோடு ஓடுவதால், விபூதிப் பட்டை போட்டது போல இருக்கிறது என்று நம் ஷெட்டில் இருக்கும் பெண்கள் அதற்குப் பட்டைச் செடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாழை மாதிரி இதுவும் ஒரே ஒரு தடவைதான் பூக்கும். பூத்த பிறகு பக்கத்தில் கன்று விட்டுவிட்டு மெல்லச் சாகும். ஆனால் எப்போது பூக்கும் என்பதை அதுதான் முடிவு செய்யும். ஒரே வயதில், ஒரே ட்ரேயில் வந்த நூறு செடியில் பத்து இந்தக் குளிருக்குப் பூக்கும், இருபது அடுத்த குளிருக்குப் பூக்கும், மீதி எல்லாம் யோசித்துக்கொண்டு நிற்கும். திருப்பதி ஓட்டல்காரர்கள் அதுவரை காத்திருப்பார்களா? அதனால்தான் கிண்ணத்தில் மருந்துத் தண்ணீர் ஊற்றி, இப்போதே பூக்க வேண்டும் என்று செடியை நம்ப வைக்கிறோம்.

ஊற்றிய பிறகு ஆறு வாரத்துக்கு ஒன்றும் தெரியாது. நன்றாகச் செய்தோமா, கெடுத்தோமா என்று செடி வாயைத் திறக்காது. இந்த ஆறு வாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, போதுமான இலை வராத செடியில் ஊற்றினால் பிள்ளை தலையில் நெல் மூட்டையை ஏற்றிய கதைதான். அதற்குப் பூக்கவும் தெம்பு இருக்காது, கன்று விடவும் தெம்பு இருக்காது.

இனி தனகோட்டியின் கதைக்கு வருகிறேன். உங்களில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. நம் நர்சரியில் கன்று பிரிக்கிற ஷெட்டில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். என் வயதுதான் இருக்கும். அப்போதெல்லாம் நான் அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன், ‘அவள்’ என்றுதான் அடுத்தவரிடம் சொன்னேன். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன், இது கொஞ்சம் தாமதமான மரியாதை. நாகலாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவதால் எல்லோரும் நாகலாபுரத்தம்மா என்றே கூப்பிடுவார்கள். சம்பள நோட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் அவருக்கே தன் பெயர் ஞாபகம் வரும் என்று கேலி செய்வோம்.

பெங்களூர் லேபிலிருந்து வந்த ஒரு ட்ரேயில்தான் அந்தச் செடி இருந்தது. உள்ளங்கை அளவுகூட இல்லாத கன்று. ஆயிரக்கணக்கில் வந்த கன்றுகளில் அது வேறு என்று எனக்குத் தெரியவில்லை, டிகிரி படித்த சூப்பர்வைசருக்குத் தெரியவில்லை. தனகோட்டிதான் அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

“மேடம், இத்தப் பாருங்க. இது பட்டை போடல. ஒடம்பு பூரா பூசிக்கினு கீது.”

பார்த்தேன். கோடு கோடாக இல்லாமல் இலை முழுவதும் சாம்பல் வெள்ளை. ஓரத்தில் விரலை ஓட்டினேன். முள்ளே இல்லை. இந்தச் செடியைத் தூக்கித் தூக்கிக் கையெல்லாம் கீறல் வாங்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். லேப் கன்றுகளில் இப்படி எப்போதாவது ஒன்று மாறிப் பிறக்கும். பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாத மாற்றமாக இருக்கும். இது அப்படி இல்லை. முதலாளி பார்த்துவிட்டு, இது பூத்துக் கன்று விட்டு, கன்றும் இதே மாதிரி வந்தால் புது ரகமாகப் பதிவு செய்யலாம், யார் கண்ணில் முதலில் பட்டதோ அவர் பெயரையே வைப்போம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். 

அன்று சாப்பாட்டு நேரத்தில் தனகோட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நெசமாவே வெப்பாங்களா மேடம்?”

“வைப்பார். சொன்னால் செய்கிறவர்தான்.”

“என் பேரு ஆதார் கார்டுலதான் கீது. வேற எங்கியும் இல்ல. செடிக்காவது இருக்கட்டும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மறுநாள் புத்தூர் கடைத்தெருவில் சிவப்பு நூல் வாங்கிவந்து அந்தத் தொட்டியில் கட்டினார். சிவப்பு நூல் கட்டிய தொட்டியில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அன்று முதல் நம் நர்சரி வழக்கமானது. இன்றும் நீங்கள் விசேஷச் செடிகளுக்குச் சிவப்பு நூல் கட்டுகிறீர்கள். அது யார் ஆரம்பித்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டரை வருடம் போனது. கூடப் பிறந்ததெல்லாம் பூத்து ஓட்டலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போய்விட்டது. இது மட்டும் மெதுவாக வளர்ந்தது. காலையில் வந்ததும் அவர் பையை ஆணியில் மாட்டும் முன்பே அந்தக் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்ப்பார். இன்னா கலரு பூக்கும் மேடம் என்று கேட்பார். பிங்க்தான், வேறென்ன பூக்கும் என்பேன். எனக்கு வெள்ளன்னு தோணுது என்பார். பந்தயம் கட்டினோம். பிங்காகப் பூத்தால் அவர் என் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுட்டுத் தர வேண்டும். வெள்ளையாகப் பூத்தால் நான் அவர் வீட்டுக்கே வந்து பிரியாணி செய்து போட வேண்டும்.

அந்த வருடம் திருப்பதியில் ஒரு புது ஓட்டல் திறப்பு. வாசல் முதல் மாடி வரை பட்டைச் செடி பூவோடு நிற்க வேண்டும் என்று ஆர்டர். தேதி வைத்துவிட்டார்கள். கணக்குப் பார்த்தால் மே மாதம் நடுவில் மருந்து ஊற்றியே ஆக வேண்டும். அந்த நேரம் பார்த்து திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை, அம்மன் திருவிழா. பாதிப் பேர் லீவு. தனகோட்டியும் தங்கை வீட்டுக்குப் போனார். போகும்போது என்னிடம் சொன்னார்.

“என் தொட்டிய பாத்துக்கோங்க மேடம். நெழலுக்குக் கட்டின நெட்டு கிழிஞ்சிருக்குது, வெயிலு நேரா அடிக்கிது.”

பார்த்துக்கொண்டேன். அவர் போன பிறகு நானே அதைத் தூக்கிக்கொண்டு போய், நிழல் நன்றாக விழுகிற பெஞ்சில், ஓட்டல் செடிகளுக்கு நடுவே வைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மருந்து ஊற்ற ஆரம்பித்தேன். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஆள் இல்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, முதலாளி கேட்பதற்கெல்லாம் ஆமாம் சார், ஆகிவிடும் சார் என்று பதில் சொல்லிக்கொண்டே பெஞ்ச் பெஞ்சாக ஊற்றிக்கொண்டு போனேன். அவசரத்தில் மருந்தைக் கொஞ்சம் கெட்டியாகவும் கலந்திருந்தேன். ஒரு கிண்ணத்தில் ஊற்றி நிமிர்ந்தபோதுதான் சிவப்பு நூல் கண்ணில் பட்டது.

இதுவரை நடந்தது கைப்பிசகு. அதை நான் மறைக்க மாட்டேன், அதற்காக வெட்கப்படவும் மாட்டேன். அவசரத்தில் யாருக்கும் நடக்கும். அடுத்த ஒரு நிமிடம்தான் விஷயம்.

தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்து, தண்ணீர்த் தொட்டிக்கு எடுத்துப் போய் நாலு தடவை அலசியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அது எனக்குத் தெரியும். நான்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவள். தண்ணீர்த் தொட்டி நாற்பது அடி தூரத்தில் இருந்தது. போனில் முதலாளி ஓட்டல்காரர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம் சார், தப்பாக ஒன்றில் ஊற்றிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். எதில் என்று கேட்பார். நான் சொல்லவில்லை. இதற்கு இன்னும் இலை போதாது, இது மருந்துக்குக் கேட்காது, சும்மா விட்டாலும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த தொட்டிக்கு நகர்ந்துவிட்டேன். ஊற்றி முடித்ததும் நூல் கட்டிய தொட்டியைப் பழைய இடத்திலேயே கொண்டு வைத்தேன். அதற்கு மட்டும் நேரம் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு மேலதிகாரி இருந்தார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. தவறு செய்தவர் என்ன செய்தோம் என்று பிளாஸ்டிக் குச்சி லேபிளில் தன் கையால் எழுதி, கீழே பெயரையும் போட்டு, அந்தத் தொட்டியிலேயே குத்திவிட வேண்டும். திட்ட மாட்டார். லேபிளைப் படித்துவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்பார். அவர் பெயர் போட்ட லேபிள்களையே நான் நாலைந்து பார்த்திருக்கிறேன். அதை நம் நர்சரிக்கும் நான்தான் கொண்டுவந்தேன். தனகோட்டிகூட ஒரு தடவை, உரத்த ரெண்டு வாட்டி போட்டுட்டேன் என்று ஆளை விட்டு எழுதச் சொல்லிக் குத்தி வைத்திருக்கிறார். அன்று மத்தியானம் நானும் ஒரு லேபிளில் எழுதினேன். பெயரும் போட்டேன். அதை ஏப்ரன் பாக்கெட்டில் வைத்தேன். ஆறு வாரமும் அது அங்கேயே இருந்தது. நடுவில் ஒரு தடவை ஏப்ரனைத் துவைத்துப் போட்டபோது, லேபிளை எடுத்து வைத்துவிட்டு மறுபடி பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். எவ்வளவு பத்திரம் பாருங்கள்.

தனகோட்டி ஜாத்திரையிலிருந்து திரும்பி வந்து, வழக்கம்போலக் காலையில் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். நானும் ஆமாம் என்றேன். ஒரு நாள் காராமணிக் குழம்பு கொண்டுவந்து, துன்னுங்க மேடம், தங்கச்சி குட்த்து அனுப்பிச்சா என்று என் தட்டில் ஊற்றினார். அப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது இதையும் மனசுக்குள் சேர்த்துச் சொல்வேன். அங்கே யாரும் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை, அதனால் சுலபமாக இருந்தது.

ஆறாவது வாரக் கடைசியில் முதலாளி, ரகப் பதிவு தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். அவர்கள் வருகிற அன்று நான் முதல் ஆளாகப் போய்ப் பார்த்தேன். முந்தின நாள் வரை வெளியே ஒன்றும் தெரியவில்லை. அன்று நடு இலைகள் அடியில் பழுப்பாகிக் கிண்ணத்திலிருந்து புளித்த வாடை வந்தது. இலையை விலக்கி விரலை விட்டேன். உள்ளே இருட்டில் விரல் நுனி அளவுக்கு ஒரு மொட்டு தட்டுப்பட்டது.

நீங்கள் தொழில் தெரிந்தவர்கள், உங்களுக்குப் புரியும். குளிரும் இல்லாமல், இலையும் போதாமல் மொட்டு இருந்தால், மருந்து ஊற்றியிருக்கிறார்கள் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். மருந்துப் பாட்டிலின் சாவி என்னிடம்தான் இருந்தது. நான் அந்த மொட்டைக் கிள்ளினேன். கைக்குள் மூடிக்கொண்டேன். பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் ஓடுகிற கால்வாயில் போட்டுவிட்டுக் கை கழுவினேன்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். முதலாளி கிண்ணத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நடுவில் தண்ணீர் தேங்கி அழுகிவிட்டது சார்,” என்றேன்.

“நீள்ளு எவரு போசேதி?” என்று தெலுங்கில் கேட்டார். தண்ணீர் ஊற்றுவது யார் என்று.

“நேனேனய்யா,” என்றார் தனகோட்டி. நான்தான் ஐயா என்று. ஒரு நாள் தவறாமல் அவர்தான் ஊற்றினார், அது உண்மை. பிறகு குனிந்து கிண்ணத்துக்குள் ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொட்டுநீர்க் குழாயில் ஏதோ அடைப்பு இருப்பதுபோல அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏப்ரன் பாக்கெட்டில் லேபிள் குத்திக்கொண்டிருந்தது.

முதலாளி கத்தவில்லை. கவனமாக இருக்க வேண்டாமா அம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே தனகோட்டியை மண் கலக்கிப் பை நிரப்புகிற ஷெட்டுக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றின ஆர்டரில் கையெழுத்துப் போட்டது நான். அந்தத் தொட்டியில் ஒரு கன்றுகூட வரவில்லை. ஓட்டல் செடிகள் எல்லாம் தேதிக்குச் சரியாகப் பூத்தன. படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் போட்டார்கள், என்னைப் பாராட்டினார்கள். சங்கராந்தி லீவுக்குப் போன தனகோட்டி திரும்ப வேலைக்கு வரவில்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அப்படித் தானாகப் போகும்படி வைப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

ரிட்டையர் ஆன பிறகு முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அடடா, அதெல்லாம் பழைய கதை, இன்னுமா மனசில் வைத்திருக்கிறீர்கள் என்று சிரித்து எனக்கு மோர் கொடுத்தார். மோரைக் குடித்துவிட்டு வந்தேன். அவரிடம் சொன்னது போதாது என்று வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தெரிந்துவிட்டது. தனகோட்டி முன்னால் போய் நின்றால் என்ன சொல்வார் என்று பயந்து இன்னும் நாலு மாதம் தள்ளிப்போட்டேன். போன மாதம்தான் நாகலாபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிற வேலையில் இருக்கிறார். அன்று லீவு. வீட்டு வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பழைய பெயிண்ட் வாளிகளில் குரோட்டன்ஸ் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து முறத்தை ஓரமாக வைத்து, நாற்காலி எடுத்துப் போட்டார்.

“வாங்க மேடம். எளச்சிட்டீங்களே.”

“எப்படி இருக்கீங்க தனகோட்டி?”

அவர் சிரித்தார். “பேரு சொல்லிக் கூப்புடறீங்க. இங்கியும் பேரு கெடையாது மேடம். புள்ளைங்களுக்கு ஆயாம்மா.”

நான் பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் மறந்துபோனது. தண்ணீரால் அழுகவில்லை, நான்தான் மருந்து ஊற்றினேன், தெரிந்தும் கழுவவில்லை, மொட்டையும் நான்தான் கிள்ளினேன் என்று துண்டு துண்டாகச் சொன்னேன். அந்த லேபிளையும் கொண்டுபோயிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது கொடுத்த பிறகுதான் உறைத்தது.

அவர் லேபிளைத் திருப்பிப் பார்த்துவிட்டு முறத்தின் ஓரத்தில் வைத்தார்.

“தெரியும் மேடம்.”

“எப்படி?”

“கிள்ளின எடம் பச்சையா இருந்திச்சி. நகம் பட்டது தெரிஞ்சுது. வாடையும் தண்ணியில அழுவின வாடை இல்ல.”

“ஏன் அப்போதே சொல்லவில்லை?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்.”

அவர் மறுபடி உட்கார்ந்து இரண்டு அவரைக்காய் நறுக்கினார். பிறகு கத்தியை நிறுத்தினார்.

“அத்த உடுங்க. அது இன்னா கலரு மேடம்?”

“எது?”

“அந்த மொட்டு. பிங்கா, வெள்ளையா?”

முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார். கோபம் இல்லை. காலையில் ஷெட்டுக்கு வந்ததும் கேட்பாரே, அதே மாதிரிதான் கேட்டார். உலகத்தில் அந்தச் செடியின் பூவைப் பார்த்திருக்கக் கூடியவள் நான் ஒருத்திதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார். பந்தயத்தில் ஜெயித்திருப்பார். நானும் பிரியாணி செய்து போட்டுவிட்டு, ஏதோ ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இலை இடுக்கில் இருட்டில் விரலால் தடவிக் கிள்ளியது, கையை மூடியது, கால்வாய் மேல் கையை நீட்டித் திறந்தபோது வேறு பக்கம் திரும்பிக்கொண்டது, எல்லாம் ஞாபகம் வந்தது.

“நான் பார்க்கவில்லை தனகோட்டி.”

அவர் முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“பாத்துட்டாவது எறிஞ்சிருக்கலாம் மேடம்,” என்றார்.